தெரபி வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

தெரபிக்குப் போக ஆரம்பித்த பலர் நாலைந்து செஷன் முடிந்ததும், "இன்னும் அழுகை வருதே, அப்போ இது எனக்குச் சரிப்படலையா?" என்று கேட்கிறார்கள். அழுகையை மட்டும் வைத்து அளக்காதீர்கள். துக்கமும் பதற்றமும் குறைவது ஒரு பக்கம், வருவதைச் சமாளிக்கும் தெம்பும் வாழ்க்கையில் ஒரு பிடிப்பும் திரும்புவது இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை.

ஆரோன் அன்டனோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர் இஸ்ரேலில் நடுவயதுப் பெண்களை ஆராய்ந்தபோது, நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்தவர்களில் 29 சதவீதம் பேர் நல்ல மனநலத்தோடு இருப்பதைக் கண்டார். அத்தனையும் பட்ட பிறகு இவர்களால் எப்படி முடிந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. பின்னாளில் அவர் சொன்ன பதிலில் மூன்று விஷயங்கள் இருந்தன: நடப்பது எனக்குப் புரிகிறது, சமாளிக்க வழி இருக்கிறது, இதற்காக மெனக்கெடுவது தகும், அதாவது இதில் அர்த்தம் இருக்கிறது. ஒவ்வொரு செஷன் முடிந்த அன்று மாலையே இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு வரி ஒரு நோட்டில் எழுதுங்கள்.

புரிதலுக்கு, நடந்தது, மனதில் ஓடியது, உடம்பில் உணர்ந்தது என மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினால் போதும். நண்பர் பதில் அனுப்பவில்லை என்பது நடந்தது. 'என்னை யாருக்கும் வேண்டாம்' என்பது மனதில் ஓடியது. இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிய ஆரம்பித்தாலே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

சமாளிப்பில் ஒரே ஒரு கேள்வி: இதை என்னால் மாற்ற முடியுமா? கடன் தவணை கட்ட முடியவில்லை என்றால் போன் செய்து அவகாசம் கேட்கலாம், அங்கே மூச்சுப்பயிற்சி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தால் ஆகாது. அம்மா இறந்துவிட்டார் என்றால் மாற்ற ஒன்றுமில்லை, அந்த வலியோடு இருக்கப் பழகுவதுதான் அங்கே வேலை.

அர்த்தம்தான் கடினம், பெரும்பாலும் யாரும் கேட்காமலே விட்டுவிடுவதும் இதைத்தான். "வாழ்க்கையின் அர்த்தம் என்ன?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள், அந்தக் கேள்வி சோர்ந்த மனதை இன்னும் கீழே தள்ளும். நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் காட்டிய மூன்று வழிகளில் சின்னதாகத் தேடுங்கள்: இந்த வாரம் எதையாவது செய்து முடித்தேனா, யார் மேலாவது, எதன் மேலாவது அன்பு வந்ததா, தவிர்க்க முடியாத ஒரு கஷ்டத்தை நான் எப்படி எதிர்கொண்டேன்? செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும் இதில் சேரும். புற்றுநோயாளிகளுக்காக வில்லியம் பிரைட்பார்ட் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சை முழுக்க அர்த்தத்தை மையமாக வைத்தது, தனிநபருக்கு 7 செஷன். ஆக இது தெரபியில் தாராளமாகக் கேட்கக்கூடிய விஷயம். "பதற்றம் குறைஞ்சிருக்கு, ஆனா எதுக்காக எழுந்திருக்கணும்னு தெரியல, இதைப் பேசலாமா?" என்று நேராகவே கேளுங்கள். ஆனால் உங்கள் இழப்புக்கு இன்னொருவர் அவசரமாக அர்த்தம் சொன்னால், அவர் தெரபிஸ்டாகவே இருந்தாலும், ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சில செஷன்களுக்குப் பிறகு மனம் முன்பைவிடக் கனக்கலாம், அதை அடுத்த முறை மறைக்காமல் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் அடுத்த செஷன் வரை காத்திருக்கவே வேண்டாம், உடனே அவசர உதவியையோ பக்கத்தில் இருப்பவரையோ கூப்பிடுங்கள். மற்றபடி இரண்டு மாதம் போல எழுதிய பிறகும் மூன்று வரிகளில் ஒன்றுகூட நகரவில்லை என்றால், அந்த நோட்டையே தெரபிஸ்டிடம் காட்டி, முறையை மாற்றலாமா, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.