முட்டி ஆபரேஷன் முடிந்து கோர்ட்டுக்குத் திரும்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோயம்புத்தூரில் நான் ஆடும் இன்டோர் ஷட்டில் கோர்ட்டில் முட்டி ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை மட்டும் சேர்த்தாலே ஒரு டீம் தேறும். முப்பதைத் தாண்டியவர்கள், ஐடி வேலையோ கடையோ பார்க்கிறவர்கள், எடை குறைக்கலாம் என்று ராக்கெட் பிடித்தவர்கள்தான் பெரும்பாலும். ஸ்மாஷுக்கு எம்பி இறங்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு, கிழிந்திருக்கும். என் இடது முட்டியிலும் அதே தழும்பு இருப்பதால், திரும்பி வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். அவர்கள் பேசும் வசனம் எல்லாம் நான் அன்றைக்குப் பேசியதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வார்ம்-அப் செய்யுங்கள், நல்ல ஷூ போடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்புறம், நான் டாக்டர் இல்லை. உங்கள் முட்டியைத் திறந்து பார்த்தவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

மடக்குவதையே துரத்துவது

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “சம்மணம் போட முடியுதா?” வீட்டில் எல்லோருக்கும் அதே கவலை. அதனால் நாமும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதையே துரத்திக்கொண்டிருப்போம். பிசியோ முதலில் பார்ப்பது வேறு. முட்டி முழுதாக நீள்கிறதா என்பதுதான் அவர் கவலை. கடைசி சில டிகிரி நீளாமல் நின்றுபோனால் நடையில் நொண்டல் ஒட்டிக்கொள்ளும், முன்தொடைச் சதையும் சரியாக வேலை செய்யாது. மடங்குவது பெரும்பாலும் மெதுவாகவாவது வந்துவிடும். நீளாமல் இறுகிப்போனதைப் பிறகு மீட்பது பெரும்பாடு.

இதில் வில்லன் யார் தெரியுமா? தலையணை. முட்டிக்கு அடியில் ஒன்றைச் செருகிக்கொண்டால் சுகமாக இருக்கும். அம்மாவே பாசத்தோடு கொண்டுவந்து வைப்பார். அந்தச் சுகத்தில் முட்டி மடங்கியபடியே இறுகும். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. அது தானாகக் கீழே இறங்கட்டும். முதல் ஐந்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

எண்ணெய் போட்டு உருவிவிடுவது

வேண்டாம்.

வலி போய்விட்டது, அதனால் சரியாகிவிட்டது

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஒன்றுதான். மற்ற தவறுகளுக்கு விலை சில வாரங்கள். இதற்கு விலை இன்னொரு ஆபரேஷன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கிழிந்த ஏசிஎல்லுக்குப் பதிலாக, பெரும்பாலும் உங்கள் பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழேயிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுப் பொருத்துகிறார்கள். இடம் மாற்றி வைத்த அந்த நாருக்கு முதலில் ரத்த ஓட்டம் கிடையாது. அதில் இருக்கும் செல்கள் செத்து, புது ரத்தக் குழாய்கள் மெல்ல நுழைந்து, புது செல்கள் குடியேறி, அது ஜவ்வாக மாறவேண்டும். இந்த மாற்றத்துக்கு ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நடுவில் ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை, பொருத்திய அன்றைக்கு இருந்த பலம்கூட அதற்கு இருக்காது.

அதே சமயத்தில்தான் வெளியே எல்லாம் நன்றாகிறது. தையல் பிரித்தாயிற்று, வீக்கம் வடிந்தது, ஊன்றுகோலைப் பரணில் போட்டாயிற்று, பைக் ஓட்டலாம், மாடிப்படி ஏறலாம். வலி இல்லை. வலி எல்லாம் அறுத்த சதையிலிருந்தும் வீக்கத்திலிருந்தும் வந்தது. உள்ளே ஜவ்வு எந்த நிலையில் இருக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது. ஆக, முட்டி மிகவும் பலவீனமாக இருக்கும் நாளில்தான் நமக்குத் தெம்பு வருகிறது.

அந்தத் தெம்பில் முதலில் கழன்றுகொள்வது பிசியோ. “இனி ஜிம்மிலேயே பார்த்துக்கிறேன் அண்ணா.” ஜிம்மில் என்ன நடக்கும்? இரண்டு காலையும் ஊன்றி ஸ்குவாட் போடுவார்கள். எடை கூடிக்கொண்டே போகும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். பின்னாலிருந்து போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். உட்காரும்போது இடுப்பு லேசாக நல்ல கால் பக்கம் ஒதுங்கும். ஒரு விரற்கடை அளவுதான். கண்ணாடியில் முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பாரத்தை நல்ல கால்தான் தூக்கிக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் ஆன கால் சும்மா கூட நிற்கிறது.

எங்கள் கோர்ட்டில் ஒரு தம்பி, ஜவுளி வியாபாரம் செய்கிறவர், இப்படித்தான் ஐந்தாவது மாதம் வந்து நின்றார். ட்ரெட்மில்லில் ஓடுகிறாராம், வலியே இல்லையாம். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு ஆள் குறைந்தது. கூட ஆடுகிற மூன்று பேரும், “டபுள்ஸ்தானே, நெட்டுகிட்ட சும்மா நில்லுடா போதும்” என்றார்கள். இந்தச் ‘சும்மா நில்லு’ என்ற வார்த்தையைக் கோர்ட்டிலேயே தடை செய்ய வேண்டும். ஷட்டிலில் யாரால் சும்மா நிற்க முடியும்? தலைக்கு மேல் காய் போனால் கால் தானாகப் பின்னால் ஓடும்.

ஓடியது. வலது கைக்காரர். இடது பக்கப் பின்மூலைக்குப் போய், எம்பி, தலைக்கு மேலே அடித்துவிட்டு இடது காலில் மட்டும் இறங்கினார். ஷட்டிலில் ஏசிஎல் கிழிவது பல சமயம் இந்த ஒரே இறக்கத்தில்தான். ராக்கெட் பிடிக்காத பக்கத்துக் கால், ஒற்றைக் காலில் இறங்குவது, முட்டி உள்பக்கமாக மடிவது. அவருக்கு முதல் தடவையும் அப்படித்தான் கிழிந்தது. நான் பக்கத்து கோர்ட்டில் இருந்தேன். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட அந்த மூன்று பேர் மேல் வந்த கோபம் அதிகம். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பழைய இடத்தில் எடுக்க நார் மிச்சமில்லை, மறு காலிலிருந்து எடுத்தார்கள். ஒரு முட்டிக்காக இரண்டு காலும் படுத்தது.

சரி, எப்போதுதான் திரும்புவது? 2016-இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து நூற்றுச் சொச்சம் பேரை இரண்டு வருஷம் கவனித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்டத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும், முட்டியில் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே 9 மாதத்துக்கு முன்னால் கோர்ட் பக்கம் ராக்கெட்டோடு போகாதீர்கள். ஆனால் 9 மாதம் ஓடிவிட்டது என்பதாலேயே போகவும் கூடாது. முன்தொடைச் சதையின் பலமும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்கவேண்டும் என்பது பொதுவாக வைக்கும் அளவு. இதிலும் ஒரு சின்னச் சூது இருக்கிறது. இத்தனை மாதம் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலில் 90 சதவீதம் என்பது பெரிய சாதனை இல்லை. பலத்தை டைனமோமீட்டர் வைத்து அளக்கும் பிசியோவாகப் பார்த்துப் போங்கள். கையால் அழுத்திப் பார்த்துவிட்டு “நல்லா இருக்கு” என்று அனுப்புகிறவரிடம் மட்டும் போதும் என்று இருக்காதீர்கள். தாவும் சோதனையை வீட்டு மொட்டைமாடியில் செய்து பார்க்கும் வேலையும் வேண்டாம்.

உற்சாகம் வரட்டும் என்று காத்திருப்பது

முதல் மாதத்தில் உற்சாகத்துக்குக் குறைவிருக்காது. நேற்று தூக்க முடியாத காலை இன்று தூக்குகிறோம், தினம் ஒரு வெற்றி. மூன்றாவது மாதத்துக்கு மேல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. செய்ததையே செய்துகொண்டிருப்போம். வலியும் இல்லை, முன்னேற்றமும் தெரியவில்லை. பலர் நழுவுவது இங்கேதான். இவர்களைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். உடம்பு எதையும் சொல்லாமல் இருக்கும்போது, ஏன் செய்கிறோம் என்பதே மறந்துபோகும்.

அதற்கு எண்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தையல்காரர் டேப் ஒன்று வாங்குங்கள். முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, அங்கே தொடையின் சுற்றளவை இரண்டு காலிலும் எடுத்து, மாதம் ஒரு முறை காலண்டரிலேயே எழுதுங்கள். சுற்றளவு வேறு, பலம் வேறு. ஆனாலும் அந்த வித்தியாசம் குறைவதைக் கண்ணால் பார்ப்பது பெரிய தெம்பு. அடுத்தது, நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து உட்காருவது. பிசியோ சரி என்று சொன்ன பிறகு, இந்தக் காலில் எத்தனை, அந்தக் காலில் எத்தனை என்று அதையும் எழுதுங்கள்.

நேரம் ஒதுக்கிச் செய்கிறேன் என்று சொல்கிறவர்கள் செய்வதில்லை. ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், காலையில் குக்கர் விசில் வரும்வரை சுவரில் சாய்ந்து அரை உட்காரலாக நிற்பார். விசில் தாமதமானால் கெட்ட வார்த்தை வரும் என்பார்.

கோர்ட்டுக்கு வழக்கமான நேரத்தில் போங்கள், ஸ்கோர் சொல்லுங்கள், அரட்டை அடியுங்கள். நண்பர்களை விட்டு விலகினால் மொத்தமாகவே விட்டுவிடுவீர்கள். ராக்கெட்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இரவல் ராக்கெட் கிடைக்கும்தான். அதற்காகச் செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். செருப்போடு எங்கள் கோர்ட் விரிப்பில் யாரையும் விடமாட்டார்கள்.

அடுத்தவர் கணக்கைப் பார்ப்பது

“அவர் ஆறு மாசத்துல ஆடிட்டாரே?” அவர் முட்டி வேறு.

மறுநாள் காலையைப் பார்க்காமல் விடுவது

பயிற்சி செய்யும்போது எப்படி இருந்தது என்பது பாதி விவரம்தான். மறுநாள் எழுந்ததும் இரண்டு முட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில்லின் இரு பக்கமும் இருக்கும் பள்ளம் தூர்ந்திருந்தால் நீர் கோத்திருக்கிறது. நேற்று செய்தது அதிகம். நீர் கோத்தால் முன்தொடைச் சதை தானாகவே பாதி அணைந்துவிடும், அதன் மேல் பயிற்சி செய்தால் வேறு சதைகள்தான் உழைக்கும். வடியும்வரை குறையுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு தொடராதீர்கள்.

நல்ல காலை மறப்பது

ஸ்பெயினின் ஷட்டில் வீராங்கனை கரோலினா மாரினை நினைவிருக்கும், 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் சிந்துவை வென்று தங்கம் எடுத்தவர். 2019 ஜனவரியில் அவருக்கு வலது முட்டி ஏசிஎல் போனது. செப்டம்பரில் திரும்பி வந்து சீனா ஓபனையே ஜெயித்தார். 2021-இல் இடது முட்டி, டோக்கியோ ஒலிம்பிக் கைநழுவியது. 2024 பாரிஸ் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தபோது மறுபடி வலது முட்டி. அவர் அவசரப்பட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல நான் யார்? ஒரு ஏசிஎல் போனவருக்கு, சரிசெய்த காலும் சரி, அடிபடாத காலும் சரி, இரண்டுமே மற்றவர்களைவிட அதிக ஆபத்தில் இருக்கின்றன.

அதனால் ஆடத் திரும்பிய பிறகும் வாரம் இரண்டு நாளாவது ஒற்றைக் கால் பயிற்சிகளைத் தொடருங்கள், இரண்டு காலுக்கும். எம்பி இறங்கும் பயிற்சியில் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று யாரையாவது முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தில் முதல் சில வாரம் அந்தப் பின்மூலைக் காயை விட்டுவிடுங்கள். பாயின்ட் போனால் போகட்டும். பார்ட்னர் முறைத்தால், முறைக்காத பார்ட்னராகப் பாருங்கள்.