விரைவு சார்ஜிங் பாதியில் அறுந்தபோது: என் அனுபவம்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த ஒரு விரைவு சார்ஜிங் நிலையத்தில், என் மின்சாரக் காரில் கன்னை (சார்ஜிங் கேபிளின் முனையிலுள்ள கைப்பிடிச் செருகியை) செருகிய சில நொடிகளிலேயே இணைப்பு அறுந்து, திரையில் பிழைச் செய்தி வருவது வழக்கமாகியிருந்தது. சார்ஜிங்குக்குப் பணம் கட்டும் கைபேசிச் செயலியோ ஒவ்வொரு முறையும் பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாகத் திருப்பித் தந்தது.

சிசிஎஸ்-2 என்ற விரைவு சார்ஜிங் இணைப்பு முறையில், மின்னோட்டம் தொடங்கும் முன்பே காரும் சார்ஜிங் இயந்திரமும் தகவல் பரிமாறிக்கொண்டு, கன் பூட்டிக்கொண்டதை உறுதிசெய்தாக வேண்டும். கனத்த கேபிள் கன்னைக் கீழே இழுத்ததால் முனைகள் சரியாகப் பொருந்தவில்லை. ஆகவே பழைய இணைப்பைச் செயலியில் முடித்துக் கன்னைக் கழற்றி, காரை ஒருமுறை பூட்டித் திறந்து, மீண்டும் செருகி, பூட்டு விழும் ஓசை கேட்கும்வரை கன்னைக் கையால் சற்றே மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தேன். சார்ஜ் ஏறத் தொடங்கியது. இப்போதெல்லாம் முதல் முறையே அப்படித்தான் செய்கிறேன்.

வேகக் குறைவு வேறு கதை. பலகையில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், இரண்டு கன்களிலும் கார்கள் நின்றால் பல இயந்திரங்கள் ஆளுக்கு 30 எனப் பிரித்துவிடும் என்பதால், வேறு கார் நிற்காத இயந்திரத்தையே தேடுகிறேன். பேட்டரி 80 விழுக்காட்டைத் தாண்டினால் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 80 விழுக்காட்டோடு நிறுத்திக் கன்னைக் கழற்றிவிடுவது பின்னால் காத்திருப்பவருக்கும் நல்லது. மின்வெட்டுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. அடுத்த நிலையத்தை எட்டும் அளவுக்குச் சார்ஜை மிச்சம் வைத்தே நிறுத்துகிறேன்.