அமைதியான பூங்கா வேண்டுமா? நேரத்தைப் பாருங்கள்

சென்னையில் அமைதியாக உட்கார இடம் தேடுபவர்கள், வார நாளில் காலை பத்து மணிக்கு மேல், நுழைவுச்சீட்டு உள்ள ஒரு பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்கா இதற்கு நல்ல இடம். உள்ளே போனதும் வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்காராமல், சாலையை விட்டு விலகி உள்ளே தள்ளி ஒரு மர நிழலைப் பிடியுங்கள்.

காரணம் எளிது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா மாதிரி இடங்களில் விடிந்ததுமே நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்ந்துவிடும். சாயந்திரம் ஊஞ்சலும் சறுக்குமரமும் பிள்ளைகள் வசம். அலுவலகம், பள்ளி தொடங்கிய பிறகுதான் பூங்காவுக்கே மூச்சு வரும். கட்டணம் சிறியதுதான், ஆனாலும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை அது குறைத்துவிடும். வண்டி இரைச்சலும் சாலையை விட்டு விலக விலக அடங்கும். என்னைக் கேட்டால், பூங்கா எவ்வளவு பெரியது என்பதைவிட நீங்கள் உட்காரும் மூலைதான் முக்கியம்.

ஞாயிறு, கோடை விடுமுறை, காணும் பொங்கல் நாட்களில் இது எடுபடாது. எந்தப் பூங்காவுக்குப் போனாலும் வாசலில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மே மாத வெயிலில் பதினொரு மணிக்கு மேல் மர நிழலும் தாங்காது.