ரோல்பிளே ஆட்டத்தில் ஒருவர் மட்டும் தொல்லை தந்தால்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக (கேரக்டர்) பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்தான் ரோல்பிளே. அதில் கதையை நடத்துபவர் நீங்கள் என்றால், ஆட்டத்தைக் கெடுப்பவரைக் கதைக்குள் வைத்துத் தண்டிக்காதீர்கள். அவர் கேரக்டர் மேல் டிராகனை ஏவினால் அவருக்குக் கூடுதல் கவனம்தான் கிடைக்கும். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் இல்லாத நாளில், தனியாகப் பேசுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். "போன தடவை அவன் பூட்டைத் திறக்கும்போது மூணு முறை குறுக்கே பேசினே" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

அடிக்கடி வரும் தலைவலி, கூட்டாளியின் பையிலேயே திருடிவிட்டு "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்பது. அந்தக் கேரக்டரை உருவாக்கியதே அவர்தானே! பகடை உருளும் முன்பே நிறுத்தி, பையின் சொந்தக்காரரிடம் "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தத் திருட்டு நடக்கவே இல்லை. உருட்டிய பிறகு தடுத்தால், "எனக்குப் பகடையோட உச்ச எண் 20 விழுந்துச்சே" என்று அரை மணி நேர வாதம்தான்.

எல்லார் முறையிலும் புகுந்து பேசுபவரா? சண்டைக் காட்சியில் முறை வைத்து ஆடுவது போலவே, மற்ற நேரத்திலும் வரிசையாக ஒவ்வொருவரிடமும் "நீங்க என்ன செய்றீங்க?" என்று கேட்டு வாருங்கள். பகடை எண்ணில் சந்தேகம் என்றால், எல்லாரும் நடு மேஜையில் ஒரே தட்டில் உருட்டட்டும். ஒருவரை மட்டும் சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

இரண்டு முறை பேசியும் மாறவில்லையா, விலகச் சொல்லிவிடுங்கள். குழு வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில்.