ஷாங்காய் யூ தோட்டம்: முதல்முறை போகிறவர்கள் எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்

ஒன்பது திருப்பப் பாலத்தில் படம் எடுத்து, குளத்து நடுவே இருக்கும் தேநீர் மாளிகையைப் பார்த்துவிட்டு, "யூ தோட்டம் போய்விட்டோம்" என்று திரும்புகிறவர்கள் ஏராளம். அது வெளியே இருக்கும் கடைத்தெரு. தோட்டம் மதிலுக்கு உள்ளே, டிக்கெட் எடுத்துப் போக வேண்டிய தனி இடம். மிங் அரச வம்சக் காலத்து அதிகாரி பான் யுன்துவான், வயதான தந்தை நிம்மதியாகப் பொழுது போக்க 1559இல் தொடங்கி, 1577இல் முடித்தது. பரப்பு சுமார் 2 ஹெக்டேர்தான். ஆனால் நடந்தால் அப்படித் தெரியாது. தெரியாதபடி கட்டியதுதான் இதன் வித்தை.

முதலில் கிளம்பும் வேலை. மெட்ரோவில் 10 அல்லது 14ஆம் தடம், இறங்குமிடம் யூயுவான். திங்கட்கிழமைகளில் பொதுவாகப் பூட்டியிருக்கும், தவிர்த்துவிடுங்கள். கட்டணம் பருவத்தைப் பொறுத்து 30 அல்லது 40 யுவான். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் கார்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்துவிடுங்கள். விளக்கு அலங்காரத்தோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று இருட்டிய பிறகு போனால் கடைத்தெரு மட்டும் மின்னும், தோட்டக் கதவு மூடியிருக்கும். காலையில் திறந்ததும் நுழைவதே நல்லது. பத்தரைக்கு மேல் கொடி பிடித்த சுற்றுலாக் குழுக்கள் வந்துவிடும், குறுகலான நடைவழியில் நிற்கக்கூட இடம் இருக்காது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கூழாங்கல் பதித்த பாதைகள் மழையில் வழுக்கும், அடி தேய்ந்த செருப்பு வேண்டாம்.

உள்ளே போனதும் சான்சுயி மண்டபத்தைத் தாண்டி, பின்னால் இருக்கும் யாங்ஷான் மண்டபத்துக்குப் போங்கள். குளத்துக்கு அக்கரையில் பெரிய செயற்கைக் குன்று தெரியும். ஜாங் நான்யாங் என்ற கைதேர்ந்த கலைஞர் மஞ்சள் கற்களை அடுக்கி எழுப்பியது. கிட்டே ஓட வேண்டாம். மண்டபத்திலிருந்து பார்க்கத்தான் இது. யாங்ஷான் என்றாலே மலையை அண்ணாந்து பார்ப்பது. அந்தக் காலத்தில் உச்சியில் ஏறினால் ஷாங்காய் வழியே ஓடும் ஹுவாங்பு நதி தெரியுமாம்.

அடுத்து, பலர் கவனிக்காமல் கடந்துவிடும் இடம். யூலே என்ற மீன் பார்க்கும் மண்டபம். முன்னால் ஓடும் ஓடை சிறியது. அதன் குறுக்கே ஒரு வெள்ளைச் சுவர், சுவரில் பின்னல் வேலைப்பாடுள்ள ஜன்னல்கள், அடியில் தண்ணீர் போக அரைநிலா வடிவ வழி. தண்ணீர் சுவருக்குள் நுழைந்து மறைகிறது. ஜன்னல் வழியே அந்தப் பக்கத்து இலைகள் துண்டு துண்டாகத் தெரிகின்றன. எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாததால், ஓடை நீண்டுகொண்டே போவது போல இருக்கும். சுவர் இல்லாவிட்டால் ஒரே பார்வையில் தீர்ந்துபோயிருக்கும். இங்கே ஐந்து நிமிடமாவது உட்காருங்கள். இது பிடிபட்டால், தோட்டத்தில் மற்ற வட்ட வாசல்களும் வளைந்த நடைவழிகளும் எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வான்ஹுவா மாளிகை முன்னுள்ள நானூறு வருட கிங்கோ மரம், 1853இல் சிறுவாள் சங்கம் என்ற ரகசிய அமைப்பின் கிளர்ச்சியாளர்கள் தலைமையகமாக வைத்திருந்த தியென்சுன் மண்டபம் இரண்டையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம். மதில் மேல் நெளியும் டிராகன்களின் நகங்களை எண்ணுங்கள். ஐந்து நகம் பேரரசருக்கு உரியது என்பதால் இங்கே குறைத்து வைத்தார்கள் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள்.

யூஹுவா மண்டபத்துக்கு எதிரே நிற்பது யூ லிங்லோங் கல். மூன்று மீட்டருக்குச் சற்று மேல் உயரம், உடம்பெல்லாம் துளை. இது போன்ற தாய்ஹு ஏரிக் கல்லைச் சீனர்கள் நாலு குணத்தால் எடைபோடுவார்கள்: மெலிவு, சுருக்கம், துளை, ஊடுருவித் தெரிவது. அடியில் ஊதுவத்தி ஏற்றினால் எல்லாத் துளையிலும் புகை வரும், உச்சியில் தண்ணீர் ஊற்றினால் எல்லா வழியாகவும் வழியும் என்பது இதன் புகழ். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தால் சாம்பல் நிறப் பாறைதான் பதியும். மண்டபத்துக்குள் பின்வாங்கி, வெளிச்சம் துளை வழியே வரும் கோணத்தில் பாருங்கள்.

கடைசியாக 1709இல் அமைத்த உள்தோட்டம். இதன் நாடக மேடையின் உட்கூரையை அண்ணாந்து பார்க்காமல் போகாதீர்கள். இதற்குப் பக்கத்திலேயே வெளியேறும் வழி. நுழைந்த வாசல் வேறு, வெளியே வரும் வாசல் வேறு. கூட வந்தவர்களிடம் "வாசலில் சந்திப்போம்" என்று சொன்னால் ஆளுக்கொரு பக்கம் தேட வேண்டியதுதான். வெளியே ஒன்பது திருப்பப் பாலத்தருகே என்று சொல்லிவையுங்கள். அங்கே நின்றால் பழைய ஓட்டுக்கூரைகளுக்கு மேலே 632 மீட்டர் ஷாங்காய் கோபுரம் எட்டிப்பார்ப்பதும் தெரியும்.