டர்போ காரில் பவர் ஏற்றுமுன்: எது முதலில் முட்டும்?

டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) பொருத்திய நான்கு சிலிண்டர் காரில் பவர் ஏற்றுவது சுலபம். இசியூ என்ற எஞ்சின் கணினியில் புது மேப் (எஞ்சினை இயக்கும் அளவுகளின் அட்டவணை) ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், கூடிவிடும். ஆனால் அந்தப் பூஸ்டுக்கு ஃபியூல் பம்ப், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கிளட்ச், பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் எல்லாம் ஈடுகொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. உங்கள் இலக்கை நோக்கிப் போகும்போது எந்தப் பாகம் முதலில் முட்டும் என்று காகிதத்திலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் பாகம் பாகமாக வாங்கி மாட்டினால், எல்லை எங்கே என்பதை எஞ்சின் உடைந்துதான் காட்டும்.

கணக்குக்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கம்பெனி கொடுத்தது 200 குதிரைத்திறன், இலக்கு 300. இது கிராங்க்கில் (எஞ்சினின் சுழல் தண்டில்) உள்ள பவரா, சக்கரத்தில் டைனோ என்ற பவர் அளக்கும் கருவி காட்டும் பவரா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டு சக்கர டிரைவில் இடையே ஏறத்தாழ 15 சதவீதம் கழியும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மற்ற எல்லாக் கணக்கும் தப்பும். இங்கே 300 என்பது கிராங்க்கில்.

பெட்ரோல் எஞ்சினில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று சுமார் 10 குதிரைத்திறன் தரும். ஆக நமக்குத் தேவை நிமிடத்துக்கு 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ காற்று. 2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் இவ்வளவு காற்றை இழுக்க சுமார் 1.2 முதல் 1.3 பார் பூஸ்ட் வேண்டும். கடல்மட்டத்தில் அது 2.3 அழுத்த விகிதம், அதாவது வெளிக்காற்றைப்போல் 2.3 மடங்கு அழுத்தம். உங்கள் டர்போவின் கம்ப்ரசர் மேப்பை (எவ்வளவு காற்றை எந்த அழுத்தத்தில் தரும் என்று காட்டும் வரைபடத்தை) எடுத்து, படுக்கை அச்சில் 30, நெட்டச்சில் 2.3 என்று புள்ளி வையுங்கள். புள்ளி வலது ஓரத்தைத் தாண்டி விழுந்தால் அந்த டர்போ அந்த இடத்தில் சூடான காற்றைத்தான் தரும், பூஸ்டை இன்னும் ஏற்றினாலும் பவர் ஏறாது. இடப்பக்கம் சர்ஜ் கோட்டுக்கு வெளியே விழுந்தால் காற்று முன்னும் பின்னும் அடித்து பேரிங்கைத் தின்றுவிடும். நடுவில் விழுந்தால் டர்போவை மாற்ற வேண்டியதே இல்லை.

முதலில் எஞ்சினின் உடல்நிலை

தேய்ந்த எஞ்சினில் செய்யும் டியூனிங் வீண். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் ஃபியூலையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. ஒன்று குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட். லீக்டவுன் டெஸ்டும் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பது) செய்தால் காற்று எந்தப் பக்கம் தப்புகிறது என்று காதாலேயே கேட்கலாம்.

அடுத்தது பூஸ்ட் லீக். டர்போவின் காற்று நுழையும் வாயை அடைத்து, ஓட்டும்போது வரும் பூஸ்ட் அளவுக்கு மட்டும் மெதுவாகக் காற்று ஏற்றி, ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். தளர்ந்த ஒரு கிளாம்ப் போதும், டர்போ தேவைக்கு மேல் சுழன்று ஆயுளை இழக்கும். டர்போவின் ஷாஃப்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு, ஆனால் வீல் உறையில் உரசவே கூடாது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தால் டர்போ முடிந்தது.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் (பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிப்பது) என்றால் இன்டேக் வால்வையும் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே பெட்ரோல் படாததால் கரி அப்பிக்கொள்ளும். வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்தாலே தொலைந்த பவரில் கொஞ்சம் திரும்பி வரும்.

சூடு

பூஸ்டை ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். காற்றை அழுத்தினால் சூடாகும், அதற்கு விதிவிலக்கு கிடையாது. 20 டிகிரி வெப்பமுள்ள காற்றை 2 என்ற விகிதத்தில் அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது சுமார் 110 டிகிரியில் வெளியே வரும். 70 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலர் அதை 47 டிகிரி அளவுக்கு இறக்கும். நம் இலக்கோ 2.3 விகிதம். சூடு இன்னும் ஏறும். கம்பெனி கொடுத்த சின்ன இன்டர்கூலர் ஒரு முறை வேகமெடுக்கத் தாங்கும், மூன்றாவது முறை அதுவே சூடாகிவிடும். அப்போது நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும், இசியூ டைமிங்கைப் (பொறி வரும் நேரத்தை) பின்னே இழுக்கும், பவர் போய்விடும்.

இன்டர்கூலரின் எல்லையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரே கியரில் மூன்று முறை தொடர்ந்து முழு த்ராட்டிலில் ஓட்டி, இன்டேக் காற்றின் வெப்பத்தை லாக் (பதிவு) செய்யுங்கள். இதை மூடிய டிராக்கிலோ டைனோவிலோதான் செய்ய வேண்டும், தெருவில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் தொடக்க வெப்பமே ஏறிக்கொண்டு போனால் பட்டியலில் முதல் இடம் இன்டர்கூலருக்கு. கனமான பார் அண்ட் பிளேட் வகை சூட்டை நெடுநேரம் உள்வாங்கும், ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கும். எதை வாங்கினாலும் அதற்குள் ஏற்படும் அழுத்த இழப்பு 0.1 பாருக்கு மேல் போகாமல் பாருங்கள்.

பெட்ரோல்

டர்போ எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 6.3 சிசி பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம். 300க்கு 1,890 சிசி. நான்கால் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 472. இன்ஜெக்டரை 85 சதவீத டியூட்டிக்கு (அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) மேல் ஓட்டக்கூடாது என்பதால் 472ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், விடை 556. ஆக 3 பார் அழுத்தத்தில் 550 முதல் 600 சிசி வரை தரும் இன்ஜெக்டர் வேண்டும். அதைவிட மிகப் பெரியதை வாங்கினால் ஐடிலில் பெட்ரோலை நுணுக்கமாக அளந்து விடுவது கடினம்.

பம்ப்புக்கு மணிக்கு 113 லிட்டர், அதற்கு மேல் 25 சதவீதம் கையிருப்பு, ஏறத்தாழ 140 லிட்டர். இந்த அளவை எந்த அழுத்தத்தில் தருகிறது என்று பாருங்கள். ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் 1.3 பார், ஆக பம்ப் 4.3 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏற பம்ப் தரும் அளவு குறையும். பழைய வயரிங்கில் வோல்ட்டேஜ் இறங்கினால் இன்னும் குறையும். பெரிய பம்ப் போட்டும் மேல் ஆர்பிஎம்மில் கலவை மெலிந்தால் பேட்டரியிலிருந்து தனி ரிலே வழியாக வயர் இழுங்கள், பாதி நேரம் அதுவே தீர்வு.

இதெல்லாம் இன்டேக் வால்வுக்கு முன்னால் பெட்ரோலைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷனுக்கு. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் கேம்ஷாஃப்ட் ஓட்டும் ஹை பிரஷர் பம்ப்தான் முதலில் முட்டும். இசியூ கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் லாக்கில் ஒப்பிடுங்கள். மேல் ஆர்பிஎம்மில் இரண்டும் பிரிந்தால் எல்லை வந்துவிட்டது.

முழு லோடில் காற்று பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 12.5க்குள் இருப்பது பாதுகாப்பு. இதைக் காட்ட வைட்பேண்ட் சென்சார் வேண்டும், சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் 14.7ஐச் சுற்றித்தான் சரியாகக் காட்டும்.

பிளக்கை ஒரு படி குளிரானதாக (சூட்டை வேகமாகக் கடத்தும் வகையாக) மாற்றி, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடைவெளி அதிகமானால் அடர்ந்த காற்றில் பொறி அணைந்து, மேல் ஆர்பிஎம்மில் கார் திக்கும். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர், போஷில் எண் குறைந்தால் குளிர். கடையில் இதைத் தலைகீழாக வாங்கி பிஸ்டனை உருக்கிவிடாதீர்கள்.

ராடை வளைப்பது டார்க்

400 நியூட்டன் மீட்டர் டார்க்கை (முறுக்கு விசையை) 2,500 ஆர்பிஎம்மில் எடுத்தால் கிடைப்பது 142 குதிரைத்திறன். அதே 400ஐ 5,250 ஆர்பிஎம்மில் எடுத்தால் 299. கனெக்டிங் ராடின் மீது எரியும் வாயு தரும் சுமை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க, 300ஐ அடைய 2,500இலேயே 480 நியூட்டன் மீட்டரைக் கொட்டும் மேப் எதற்கு? ஓட்டும்போது முதுகில் உதைப்பது போல் இருக்கும், அவ்வளவுதான். டியூனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, டார்க் வளைவை எப்படி வரைவீர்கள் என்பது. 3,000 ஆர்பிஎம் வரை டார்க்கை அடக்கி, அங்கிருந்து 400இல் தட்டையாக நிறுத்தி, மேலே வரை பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ராடுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் அதுவே காப்பு.

சிறிய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் உயர் கியரில் முழு த்ராட்டில் கொடுத்தால், பொறி வருமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனின் ரிங் பகுதியை உடைத்துவிடலாம். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயில் இதைக் குறைப்பதற்கும் சோதிக்கப்பட்டது. அந்த முத்திரை உள்ள ஆயிலையே ஊற்றுங்கள், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே மிதிக்காதீர்கள்.

கிளட்சைச் சோதிக்க, மேல் கியரில் 2,500லிருந்து முழு த்ராட்டில் கொடுங்கள். ஆர்பிஎம் துள்ளி ஏறி வேகம் அதே அளவு ஏறாவிட்டால் வழுக்குகிறது.

மாட்டும் வரிசை

பராமரிப்பு, பிளக், வைட்பேண்ட், பிறகு இன்டர்கூலர். அடுத்து தேவைப்பட்டால் பம்ப்பும் இன்ஜெக்டரும். டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) மேப்பும் ஒன்றாக வர வேண்டும். டவுன்பைப் அகலமானால் எக்ஸாஸ்ட் தடை குறைந்து, வேஸ்ட்கேட் (பூஸ்டை மட்டுப்படுத்தப் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பும் வால்வு) திறந்திருந்தும் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகலாம். பழைய மேப்போடு ஒரு நாளும் அழுத்தி ஓட்ட வேண்டாம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம், ஹை ஃப்ளோ வகையே போதும். மாற்றங்களை இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

பவர் ஏறுமுன் பிரேக்கைக் கவனியுங்கள். புதிய டாட் 3 திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, டாட் 4க்கு 230. ஈரம் உறிஞ்சிய டாட் 4க்கு அதுவே 155 ஆகிவிடும். நல்ல பேடும் புதுத் திரவமும் பெரிய டிஸ்க்கைவிட முதலில் தேவை.

மேப் ஏறியபின் லாக்கில் பார்க்க வேண்டியவை கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும், நாக்கிங்கால் இழுக்கப்பட்ட டைமிங், இன்ஜெக்டர் டியூட்டி, காற்று வெப்பம். எப்போதாவது ஒரு டிகிரி இழுப்பது பெரிதல்ல. ஒரே சிலிண்டரில் திரும்பத் திரும்ப 3 டிகிரிக்கு மேல் இழுத்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கிளாம்ப்பையும் இறுக்கி, பிளக்கைக் கழற்றிப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மின்னும் நுண்ணிய அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் பிஸ்டன் கரைய ஆரம்பித்திருக்கிறது, காரை ஓட்டாமல் டியூனரிடம் லாக்கை அனுப்புங்கள்.