லொட்ஜ் குசினிக் குப்பையைப் பசளையாக்குவது: மூன்று தரம் கோட்டை விட்ட கதையோடு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், மேலே பத்து அறை, கீழே சாப்பாட்டுக் கடை. அதுதான் நான் பார்த்துக்கொள்ளும் லொட்ஜ். குப்பை எடுக்கும் உழவியந்திரம் ஒரு கிழமை வராமல் விட்டால் பின்வளவு நாறிவிடும். அந்த நாற்றத்தில்தான் பசளை போடத் தொடங்கினேன்.

தேவையானவை: வெறும் பெயின்ற் வாளி மூன்று, கோழிவலை, நாலு கட்டை, மண்வெட்டி, உமி, காய்ந்த இலை, வைக்கோல். பச்சை, நீலம், செம்மஞ்சள் என்று விற்கும் தொட்டிகளை வாங்கவேண்டாம். சமைக்கிற இடத்தில் அவை எப்போதும் காலில் இடறும். பெயின்ற் வாளிக்குப் பிடி உண்டு, மூடி உண்டு, காசும் இல்லை.

படி 1: கோப்பை வழிக்கும் இடம்

எல்லாம் பிழைப்பது இங்கேதான். பசளைக் கூட்டைக் கட்டிவிட்டு இதை யோசித்தது என் முதல் மடத்தனம்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் கோப்பைக்கு மேல் லஞ்ச் சீற் விரித்துச் சோறு போடும் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கோப்பை கழுவும் வேலை மிச்சம். பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017 இலேயே தடை வந்தும் பழக்கம் விடவில்லை. சாப்பிட்ட மிச்சத்தைச் சீற்றோடு சுருட்டி வாளியில் போடுவார்கள். இரண்டு மாதம் கழித்துக் குவியலைக் கிளறினால் கறுத்த மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். குந்தியிருந்து இரண்டு நாள் பொறுக்கினேன். அன்றோடு சீற்றை நிறுத்திவிட்டோம். இப்போது கோப்பையைக் கழுவுகிறோம், பார்சலுக்கு வாழையிலை. குளத்துத் தாமரையிலை கிடைத்தால் அதைவிட நல்லது.

இரண்டாவது தரம் கெடுத்தது தண்ணீர். சாம்பாரும் சொதியும் சோறும் ஒன்றாக விழுந்த வாளியை அப்படியே கொட்டினேன். மூன்றாம் நாள் குவியல் முழுக்கப் புழு, ஊரிலுள்ள இலையான் எல்லாம் எங்கள் வளவில். ஈரம் கூடினால் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாமல் அழுகினால் நாறத்தான் செய்யும்.

இப்போது செய்வது இது. முதல் வாளியின் அடியில் ஆணியால் பத்துப் பதினைந்து ஓட்டை போட்டு, இரண்டாவது வாளிக்கு மேல் வைக்கிறோம். மிச்சச் சோறு கறி மேலே விழ, குழம்பு கீழே வடியும். வடிந்ததைக் குவியலுக்கு ஊற்றக்கூடாது, அதில் உப்பும் எண்ணெயும் அதிகம். மூன்றாவது வாளி மரக்கறித் தோல், முட்டைக் கோது, தேயிலைச் சக்கைக்கு. வெள்ளிக்கிழமைகளில் அதுதான் முதலில் நிரம்பும்.

கோப்பை வழிக்கும் அக்காவுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருநாள் முழுக்க அவவோடு நின்று நானே வழித்தேன். அறிவித்தல் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

படி 2: கூடு

நாலு கட்டை நட்டுக் கோழிவலை சுற்றுங்கள்: ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரம். இதைவிடச் சிறிதென்றால் சூடு பிடிக்காது. நிழலில் கட்டுங்கள், சோளகக் காற்று ஒரே கிழமையில் காய வைத்துவிடும்.

படி 3: அடுக்குதல்

அடியில் சுள்ளி. பிறகு ஒரு வாளி குசினி எச்சத்துக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்தது. மேலே எப்போதும் காய்ந்த இலைதான் தெரியவேண்டும், சோறு தெரிந்தால் காகம் வரும். மீன்முள்ளைக் கொஞ்சமாக நடுவில் புதையுங்கள். உமி ஆலையில் சும்மா கிடைக்கிறதென்று அதை மட்டும் போடாதீர்கள். ஈரம் உறிஞ்ச நல்லது, ஆனால் உக்க மிகவும் சுணங்கும். என் தெரிவு பாதி இலை, பாதி வைக்கோல், கைப்பிடி உமி.

இளநீர்க் கோம்பையைக் கொத்திப் போடவேண்டும். சிரட்டை அடுப்புக்கு. வெளியே மல்லாந்து கிடந்தால் மழைக்கு டெங்கு நுளம்பு.

படி 4: கிளறுதல்

கிழமைக்கு ஒருக்கால். அதற்கு முதல் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு இழுத்துத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் சரி, உள்ளே 55 பாகைக்கு மேல் இருக்கும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. மூன்று மாதம் கிளறி, ஒரு மாதம் சும்மா விட்டால் மண்வாசம் வரும்.

மற்றவை சுருக்கமாக: தண்ணீர்ப் போத்தலை நசுக்கி மூடியைத் தனியே வையுங்கள், இரண்டும் வேறு பிளாஸ்ரிக். மடு மாதா திருவிழாவுக்குச் சனம் போகும் நேரம் போத்தல் சாக்குச் சாக்காகச் சேரும். குளியலறையில் ஷாம்பு பக்கற் வேண்டாம், அழுத்தும் போத்தல் வையுங்கள். 20 மில்லிலீற்றர் வரையான ஷாம்பு பக்கற்றுகளுக்கு 2021 இலேயே தடை.

பிற்சேர்க்கை: உமிச்சாம்பல் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் மூன்றாவது பிழை அதுதான். நாற்றம் போகுமென்று இரண்டு சாக்குக் கொட்டினேன், கண் எரிய அமோனியா வாடை கிளம்பியது. சாம்பல் காரம், குவியலில் உள்ள தழைச்சத்தைக் காற்றில் விட்டுவிடும். ஒரு சிரங்கைக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று: மாங்குளத்திலிருந்து ஒருவர் மாரியில் குவியல் ஊறிப்போனதாக எழுதியிருக்கிறார். ஐப்பசி பிறக்கும் முன் மேலே கிடுகு போடுங்கள். தகரம் வேண்டாம், காற்று அடைபடும். ஒட்டுசுட்டான் நண்பருக்கு வேறு தலையிடி: யானை. கோழிவலை அதற்குக் காணாது. வாழைத்தண்டையும் பழத்தோலையும் குவியலில் போடுவதை நிறுத்திவிட்டு, அவற்றை அன்றன்றே பக்கத்து மாட்டுப் பட்டிக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். என்ன நடந்ததென்று அவர் எழுதினால் இங்கே சேர்க்கிறேன்.